டாக்டர் மாசிலாமணியின் கருத்துரை

4-2-85, திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை தேனீப் பெட்டிகளிலிருந்து ஓர் ஈகூட வெளியே வரவில்லை. மாமரம் பூத்து என்ன பயன்.

செய்ய வேண்டியவை: புரூஃப், இன்னும் இருபது பக்கம். ஒன்பதாம் வகுப்புத் தாள். சீமெண்ணெய். அறுந்த செருப்பு.

இந்த இதழ் நாற்பத்தெட்டுப் பக்கம். முதல் இதழ் எட்டே பக்கம், பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல், முழங்கை வரை மை. தேனீ ஆராய்ச்சிக்கென்று தமிழில் ஒரு காலாண்டிதழா, அதுவும் நல்லம்பள்ளியிலிருந்தா என்று சிரித்தவர்களே இப்போது கட்டுரை அனுப்புகிறார்கள். சந்தோஷம்தான். சொல்லிக்கொள்ள ஆளில்லை. இங்கே எழுதியாயிற்று.

6-2, புதன்

தபால். மார்த்தாண்டத்திலிருந்து எஸ்தர். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர், போன இதழில் கட்டுரை எழுதியவர். எனக்கு ஒரே வரி: ‘இத்துடன் உள்ள உறையை டாக்டர் மாசிலாமணி அவர்களிடம் சேர்ப்பிக்கவும்.’ உறை ஒட்டியிருந்தது. பிரித்தேன். வேறு யார் பிரிப்பது?

டா.மா. என்று ஒருவர் இல்லை. அறிவியல் இதழ் என்றால், வரும் கட்டுரையை விஷயம் தெரிந்தவர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். நாலு பெரிய மனிதர்களைக் கேட்டேன். பதிலே இல்லை. பள்ளிக்கூட டீச்சரம்மா திருத்தினால் கல்லூரிக்காரர்கள் கேட்பார்களா? நானே ஒருவரை உண்டாக்கி டாக்டர் பட்டமும் கொடுத்தேன். ஐந்து வருஷமாக எல்லாக் கட்டுரைக்கும் அவர்தான் கருத்துரை. கை என்னுடையது.

உறைக்குள் மூன்று பக்கம். ‘ஐயா, என் எழுத்தை இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் படித்ததில்லை.’ சனிக்கிழமை பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறாராம். ஐயாவை ஒரு தடவை பார்த்தால் போதுமாம்.

பொறாமையாக இருக்கிறது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இல்லாத மனுஷனுக்கு இப்படி ஒரு கடிதம். எனக்கு வருவதெல்லாம் ‘இதழ் கிடைக்கவில்லை.’

விஷயம் வெளியே போனால் இதழ் அவ்வளவுதான். அதில் எழுதியவர்களுக்கும் சேர்த்துக் கெட்ட பேர்.

7-2, வியாழன்

தருமபுரி. அச்சகம். மஜீத் பாயிடம் ஈய அச்செழுத்தில் ‘லை’ தீர்ந்துவிட்டதாம். பழைய கொம்பு ‘லை’யையும் புது ‘லை’யையும் கலந்து கோத்திருக்கிறார். என் கட்டுரையில் ‘மலைத்தேனீ’ ஒரே பக்கத்தில் இரண்டு விதம். வத்தல்மலையில் நான் பார்த்த கூடுகளைப் பற்றிய கட்டுரை, பன்னிரண்டு பக்கம். ‘அப்படியே வெளியிடலாம்’ — டா.மா.

பாய்: “டாக்டரை ஒரு நாளு கூட்டிட்டு வாங்க டீச்சரம்மா. இத்தனை வருசமா பேரைக் கோக்கிறேன், ஆளைப் பாத்ததில்லை.”

“அவருக்கு இருமலுங்க பாய்.”

“அடப்பாவமே. கருஞ்சீரகத்தைத் தேன்ல கொழச்சுக் குடுங்க.”

பொட்டலம் கட்டியே கொடுத்துவிட்டார். கைப்பையில் கிடக்கிறது. இனி என்ன சொல்ல? அ) வெளிநாடு போய்விட்டார். ஆ) காலமாகிவிட்டார். இ) உண்மை. ‘ஆ’தான் சௌகரியம். மறுபடி பார்க்க வரமாட்டார்கள்.

9-2, சனி

நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டில் குடையோடு இறங்கினார். என் வயசுதான் இருக்கும். வீட்டுக்கு வந்து காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன்: “டாக்டர் பொங்கலுக்கு முன்னாடி தவறிட்டாருங்க.”

அழுதுவிட்டார். சும்மா கண்ணைத் துடைப்பதில்லை, தோள் குலுங்க. “எனக்க அப்பா செத்தப்போகூட இப்படி வரல்ல டீச்சர்.” நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ச்சீ என்று இருந்தது.

பேச்சை மாற்றப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கையை நீட்டினார். “ராட்டைத் தொடாதீங்க, முட்டை வெச்சிருக்குது” என்றேன்.

கை நின்றுவிட்டது. “ராட்டா?”

இந்தப் பக்கத்தில் தேனடையை ராட்டு என்போம். இதழில் கவனமாக ‘அடை’ என்றே போடுவேன். கருத்துரை எழுதும் வேகத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டிருக்கிறது.

“அவரு எனக்க கட்டுரையில ஆறு இடத்துல ராட்டுன்னு எழுதியிருந்தாரு. அர்த்தம் தெரியாம எங்க காலேஜ் பூராவும் கேட்டேன். செத்தவருக்க வார்த்தை உங்க வாயில வருதே?”

அவரும் இந்த ஊர்க்காரர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் அழுதேனே. பாத்துட்டுத்தானே இருந்தீங்க?”

பையை எடுக்க உள்ளே வந்தார். மேசையில் என் கட்டுரையின் புரூஃப். “இதை யாரு படிச்சா?”

“அவர்தான்.”

மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

10-2, ஞாயிறு

இரண்டு பேருக்கு ஆக்கிய சோறு. தண்ணீர் ஊற்றி நானே சாப்பிட்டேன். புரூஃப் தொடவில்லை. இந்நேரம் யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாரோ. சொல்லட்டும். டா.மா.வும் இல்லாமல் வீடு இன்னும் வெறிச்சென்று இருக்கிறது. பைத்தியம்தான் எனக்கு.

19-2, செவ்வாய்

பெங்களூர் முத்திரையோடு கனமான உறை. என் புரூஃப், ஓரமெல்லாம் சிவப்பு மை. கூடவே ஏழு பக்கம்.

‘இக்கட்டுரை இப்போதுள்ள வடிவில் ஏற்கத் தக்கதல்ல. பதினோரு கூடுகளைப் பார்த்துவிட்டு மலை முழுவதற்கும் முடிவு சொல்லலாமா? மழை மாதங்களில் ஏன் போகவில்லை? மூன்றாம் பக்கத்தில் சொன்னதை எட்டாம் பக்கத்தில் நீங்களே மறுக்கிறீர்கள்.’ இப்படி இருபத்திரண்டு. அடியில் முழுப் பெயர், வேலை, விலாசம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றே ஒன்று தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றுக்கு நாளை பதில் எழுதிச் சண்டை போட வேண்டும். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கு அரை நாள் லீவு. பாயிடம் போய் என் கட்டுரையைப் பிரித்துப்போடச் சொன்னேன்.

“பன்னெண்டு பக்கமும் கோத்து முடிச்சாச்சுங்களே! டாக்டர் வேண்டாம்னுட்டாங்களா?”

“இல்லீங்க பாய். ஒருத்தர் படிச்சிருக்காங்க” என்றேன்.