அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவருக்கு

அப்பா,

அச்சகத்திலிருந்து வந்த புரூஃபில் இன்னும் மை வாசம் போகவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில், உங்கள் நினைவாகக் கொடுக்கப்போகும் கல்வெட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய உங்கள் படம். அதன் கீழே, 'எல்லோரையும் அனுசரித்து வாழ்ந்த பெருந்தகை' என்று தம்பி எழுதியிருக்கிறான். அவனும் அதே வெள்ளவத்தை வீட்டில்தான் வளர்ந்தான். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம் ஏறியது.

அனுசரிப்பதற்கு உங்கள் சொல் 'அட்ஜஸ்ட்'. வங்கி மனேஜரான நீங்கள் வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் உத்தரவு போடுவீர்கள். யாழ்ப்பாணத்தில் அம்மா பார்த்த ஆசிரியர் வேலையை அந்த ஒரு சொல்லால்தான் விடவைத்தீர்கள். நான் கேட்ட படிப்பு கிடைக்காதபோது, இனிமேல் கேட்காதே என்பதற்கும் அதுவே. மின்விசிறிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மட்டும் அகராதியில் உள்ள பொருள்: உங்களுக்கு வசதியாக வரும்வரை திருப்புவது. யோசித்துப் பார்த்தால் எங்களுக்கும் அதே பொருள்தான்.

உங்களுக்கு? சொதியில் உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பை குசினிக்கே திரும்பிப் போகும்.

தங்கச்சி கொட்டாஞ்சேனையில் புருஷன் வீட்டிலிருந்து வந்த பின்னேரத்தை நான் மறக்கவில்லை. கலியாணமாகி ஒரு வருடம்கூட இல்லை. வெடித்த உதட்டைச் சீலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எதிலை வந்தனீ?" இதுதான் உங்கள் முதல் கேள்வி.

"த்ரீவீலிலை, அப்பா."

உடனே பல்கனிக்குப் போய், கீழே குனிந்து, "மல்லி, பொட்டக் இன்ன!" என்று த்ரீவீல்காரனிடம் சிங்களத்தில் கத்தினீர்கள். அவள் திரும்பிப் போவாளாம். வண்டி கொஞ்சம் நிற்கட்டுமாம். அம்மா ஊற்றிய தேத்தண்ணியை அவள் அந்த உதட்டால் உறிஞ்சி முடிக்கும்வரை அது கீழே காத்து நின்றது.

"அடிக்கிறார் அப்பா."

"எந்த வீட்டிலை சண்டை இல்லை? அட்ஜஸ்ட் பண்ணிப் போ பிள்ளை."

"ஒருக்கால் எண்டாலும் அவரோடை கதையுங்கோவன்."

"அது மரியாதை இல்லை."

பிறகு அவள் அவனை விட்டு வந்தபோதும் உங்கள் கதவு திறக்கவில்லை. கல்கிசையில் ஓர் அறை எடுத்து, விவாகரத்து வாங்கி, தனியே இருக்கிறாள். உங்கள் செத்தவீட்டுக்கு வந்தாள். அழவில்லை. நானும் அவளை அழச் சொல்லவில்லை.

இப்போது கல்வெட்டின் உறவு வரிசையில், அவள் பெயருக்குப் பக்கத்தில், 'அன்பு மருமகன்' என்று அவன் பெயர். நேற்றுத் தம்பிக்கு போன் எடுத்தேன்.

"அவன்ரை பேரை எடு."

"எடுத்தா சனம் கேக்கும் அக்கா. அப்பாவுக்காண்டி இந்த ஒருக்கால் அட்ஜஸ்ட் பண்ணுங்கோ."

உங்கள் குரலேதான். அந்தச் சொல்லை இழுக்கிற விதம்கூட.

"அவன்ரை பேர் இருந்தா என்ரை பேரையும் எடு. மூத்த மகள் எங்கையெண்டும் சனம் கேக்கட்டும்."

"அப்பாவின்ரை அதே பிடிவாதம் உங்களுக்கு!" என்று போனை வைத்துவிட்டான்.

திட்டத்தான் சொன்னான். ஆனால் உண்மை. உங்களிடமிருந்து எனக்கு வந்ததும், நான் வைத்திருக்கப்போவதும் அது ஒன்றுதான். நீங்கள் யாருக்காகவும் இம்மியும் நகராதவர். நானும் நகரவில்லை.

இன்று காலை திருத்திய பக்கம் வந்தது. தங்கச்சியின் பெயர் தனியாக நிற்கிறது.