தாழ்ப்பாள் போட்ட நாள்

அன்பு மகளே, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகந்தானே? நான் நலம்.

சில மாதங்களுக்கு முன், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நர்சம்மா, சமையல்காரி, வாட்ச்மேன், நான் குளிப்பாட்டிவிடும் டீச்சரம்மா எல்லோரும் இருந்தார்கள். ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டார்கள். என் முறை வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "பல்லு போன வயசுல ஊசிக்குப் பயமா?" என்று சமையல்காரி சிரித்ததை நான் மறக்கவில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கேட்டால் மறுபடி சிரிப்பாளென்று, மாத்திரையை விழுங்கிவிட்டு வேலை பார்த்தேன். டீச்சரம்மாவுக்கும் தொற்றி, ஒரு வாரம் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது எழுந்து உட்கார்கிறார். "நீ ராப்பகலா பாத்துக்கிட்டதாலதான்டி பொழைச்சேன்" என்று என் கையைப் பிடித்தார். கூனிக்குறுகிப் போனேன்.

நீங்கள் மூவரும் ஊசி போட்டுக்கொண்டு எனக்கு எழுது. மணி அடித்துவிட்டார்கள், போகிறேன். சமையல்காரியைக்கூட என்றாவது மன்னிப்பேன். உன் அம்மாவை மாட்டேன்.