மெர்ல் ஸ்டாடெக் சிலைக்கு முதல் பந்து

அன்புள்ள கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம்தான், அவர் முழங்கால் மட்டும் மழை வரும் முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. நீயும் நோராவும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள், அலாஸ்கா குளிரில் உன் முழங்கை வலிக்கிறதா, மறைக்காமல் எழுது.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். உன் பேஸ்பால் கோச் மெர்ல் ஸ்டாடெக் ஓய்வு பெறுகிறார். முப்பத்தொரு வருஷம், எண்ணூறு வெற்றி, அதற்காகக் கல்லூரி மைதானத்து வாசலில் வெண்கலச் சிலை, அதில் தொப்பை கிடையாதாம். பையன்களை மனிதர்களாக்கியவர் என்று போதகர் பிரசங்கத்திலேயே சொன்னார், நான் சிரிப்பை அடக்க இருமித் தொலைத்தேன். அந்த ஆள் ஆக்கியது தன் பேரை மட்டும்தான். இருக்கிற பையன்களின் கையைப் பிழிந்து போட்டுவிட்டு, புதுக் கை தேடி வீடு வீடாக வந்து அம்மாக்களின் சமையலைப் புகழ்வார். என் கொலாச்சி ரொட்டியில் நாலு தின்றார், நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

செவ்வாய்க்கிழமை போன் செய்தார். "வெர்னா, சிலை திறக்கிற அன்னிக்கு நம்ம கர்ட்தான் மேட்சைத் தொடங்கிவைக்க முதல் பந்து எறியணும், அவன் கை மாதிரி நான் பார்த்ததே இல்ல" என்றார். எந்தக் கை கோச் என்று கேட்டேன். "என்ன தமாஷ் பண்றீங்க, வலது கைதான்" என்றார். அந்தக் கையை இரண்டு முறை அறுத்துத் தைத்ததும், நீ குழந்தையை இடது கையால் தூக்குவதும் அவர் நினைவிலேயே இல்லை.

உடனே என் பழைய ஸ்கோர் நோட்டை எடுத்தேன், நீ எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் புள்ளி வைத்த நோட்டு. நீ கடைசியாக ஆடிய கோப்பைத் தொடரில் வெள்ளிக்கிழமை நூற்று ஐம்பத்திரண்டு பந்து, ஒரே நாள் விட்டு ஞாயிறு தொண்ணூற்றொன்று; நூறு எறிந்தாலே கைக்கு நாலு நாள் ஓய்வு வேண்டும். அவர் மூஞ்சியில் எறிவதுபோல் அனுப்பிவைக்கலாம் என்று உறைகூட எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அன்றைக்கு உன்னைப் பந்து எறிய இறக்குமுன் அவர் வேலியோரம் வந்து, "உங்க நோட்டு என்ன சொல்லுது வெர்னா, தாங்குவானா" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக் கணக்கு என் மடியிலேயே இருந்தது. நோட்டை மூடிவிட்டு, தாங்குவான் என்றேன். எனக்கும் அந்தக் கோப்பை வேண்டியிருந்தது, கர்ட். இத்தனை வருஷம் அவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிலைக்காக வராதே. இதைப் படித்த பிறகும் வரத் தோன்றினால் என்னைப் பார்க்க வா. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதே. நோட்டை இதோடு வைத்திருக்கிறேன், அவருக்கு அனுப்பவில்லை.

உன் அம்மா
வெர்னா