விதவை என்ற சொல்லுக்கு நீ சொன்ன பொருள்

இன்று காலை கம்பெனியில் காப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். மணமானவர், மணமாகாதவர், விதவை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் டிக் அடித்தேன். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

பேரிகை ஊர்க்காரி நீ. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், பெங்களூரில் படித்ததோ சமஸ்கிருதம். வேலை கொடுத்த பள்ளிக்கூடத்தை மூடியதும் ஓசூருக்கு வந்து, இதே கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வயர் சோதித்தாய்.

என் வீட்டுக்காரர் ஹைவேயில் லாரி மோதிப் போனபின், நாற்பதாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். கேன்டீனில் யாரோ என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ அதை என் பக்கம் இழுத்து வைத்தாய்.

"'வி'ன்னா இல்லாம, 'தவ'ன்னா புருஷன், புருஷன் இல்லாதவன்னுதான் எல்லாரும் பிரிப்பாங்க. தப்பு. விதவைங்கறது ரொம்பப் பழைய சொல்லு. தனியாப் போனவ, வெறுமையாப் போனவன்னுதான் அர்த்தம். அதைத் தப்பாப் பிரிச்சுத்தான் 'தவ'ங்கற சொல்லே பின்னாடி உண்டாச்சு. விதவை முதல்ல வந்தா. அந்தப் புருஷன் அப்புறந்தான் வந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சிரிச்சா என்ன?" என்று நீ அவர்களை ஒரு முறை முறைத்தாய்.

"வெறுமைங்கறது மட்டும் நல்லாவா இருக்குது?" என்று கேட்டேன்.

"இல்லதான். சொல்லோட வேரைத்தான் சொன்னேன். உன்னோட வேரை இல்ல."

மஞ்சள்காமாலையில் நீ போய் எட்டு மாதம் கழித்து, குந்தாரப்பள்ளியில் மகளுக்கு நிச்சயம். தட்டு மாற்றும் நேரத்தில் வீட்டுக்காரரின் அண்ணன் குறுக்கே வந்தார்.

"நீ பின்னாடி நில்லும்மா. தட்டை நாங்க எடுக்கறோம்."

"என் பொண்ணு, மாமா. நான்தான் எடுப்பேன்."

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

நீ சொன்னதை அந்த மண்டபத்தில் அப்படியே சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எடுத்த தட்டை மட்டும் நான் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாமா குடும்பத்தோடு சாப்பிடாமல் கிளம்பினார். நான் தடுக்கவில்லை.

பந்தியில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் யாரும்மா உனக்குச் சொன்னது?"

உன் பெயரைச் சொன்னேன். எதிர் வரிசைக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.