போதும் அட்டை

செப். 15, திங்கள்

விடாத மழை. பேராதனை பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். இந்த மாதத்தில் இரண்டாவது.

வாங்க: குடை, வெல்க்ரோ, லெமினேட் தாள், காலைச் சாப்பாட்டுக்குப் பாண்.

கலஹாவிலிருந்து செல்வி எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்ததும் வராததுமாக முறையீடு. மகள் யாழினிக்கு ஐந்து வயது, பேச்சு இன்னும் வரவில்லை. பிடிக்காதது நடந்தால் தன் கையையே கடிப்பாள். அதற்குப் பதில் மூன்று வாரமாக ஒரு சிவப்பு அட்டை பழக்குகிறேன். மேலே 'போதும்' என்று எழுத்து. நீட்டினால் செய்வதை நிறுத்திவிடுவோம். கடி நின்றே விட்டது. அட்டை வீட்டுக்கும் போகுமே, அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

"கோயில்ல ஐயரு மந்திரம் சொல்லிக்கிட்டு இருக்காரு மிஸ், இவ போயி அட்டைய நீட்டுறா. எங்க நாத்தனா கன்னத்தக் கிள்ளுனாங்க, அவங்களுக்கும் அட்டை. புள்ளைக்குத் திமிரு பழக்குறாங்களான்னு ஒரே சத்தம். அட்டை இங்கயே இருக்கட்டும் மிஸ்."

"ஐயர் என்ன செஞ்சாரு?"

"வாசிச்சிட்டு, சரிம்மான்னு திருநீறு குடுத்திட்டாரு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்விக்கும்தான். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன்.

செப். 16, செவ்வாய்

மழையே. படிக்கட்டில் கட்டிடச் சொந்தக்காரர் ஹாஜியார். "மிஸ், நீங்க டொக்டரா, டீச்சரா?" இரண்டும் இல்லை, நடத்தைப் பயிற்சி என்றேன். இந்தத் தொழிலை ஒரே சொல்லில் விளக்க இன்னும் எனக்கு வரவில்லை.

"டொபி குடுத்துப் பழக்குறதா? நாய்க்குட்டிக்குப் பழக்குற மாதிரி?"

கோபம். மேலே ஏறியதும் கோபம் போய்விட்டது, கேள்வி போகவில்லை. முதல் வருடம் நானே அப்படித்தான். கையைக் கட்டு, ஒரு டொபி மிட்டாய். என் கண்ணைப் பார், டொபி. வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வழியே இருக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அட்டை அதனால்தான்.

பாண் மறந்துவிட்டது.

செப். 18, வியாழன்

குடை வாங்கியாயிற்று. ஆகவே வெயில்.

மாலதி அக்கா பேசினார். யாழ்ப்பாணத்துக்காரி, இப்போது கனடாவில். அங்கிருந்தே கணினித் திரையில் என் வேலையைப் பார்க்கும் மேற்பார்வையாளர். "நாளைக்கு இருபது நிமிசம் தொடர்ந்து வேலை நடக்கோணும். அதைப் பார்த்தாத்தான் நான் கையெழுத்து வைக்கலாம்." சான்றிதழுக்கான கடைசிக் கையெழுத்து. இரண்டு வருடமாகக் காத்திருப்பது இதற்குத்தான்.

கூட வேலை செய்யும் டில்ருக்ஷி யோசனை சொன்னாள்: நாளைக்கு மட்டும் அட்டையை மேசை லாச்சிக்குள் வைத்துவிடு. சீ என்றேன். ஆனால் யோசித்தேன்.

செப். 19, வெள்ளி

வைத்தேன். ஆமாம், வைத்தேன்.

யாழினி நன்றாகத்தான் தொடங்கினாள். இரண்டு படம் பொருத்தினாள். பிறகு அட்டை இருக்கும் மேசை மூலையைத் தடவினாள். காணவில்லை. திரும்பவும் தடவினாள். கை வாய்க்குப் போனது.

லாச்சியை நான் இழுத்த இழுப்பில் அது கழன்று என் காலில் விழுந்தது. அட்டையை அதன் இடத்தில் வைத்தேன். கை இறங்கியது. நாலாவது நிமிடம் அட்டையை எடுத்து என்னிடமே நீட்டினாள். நிறுத்தினேன். மீதி நேரம் முழுக்க அவள் மேசைக்கடியில் படுத்து ஏதோ ராகம் இழுத்தாள், நான் பாயில் உட்கார்ந்து காலைத் தேய்த்தேன். திரையில் மாலதி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது காணாது, கையெழுத்து வைக்கேலாது. அடுத்த மாசம் திரும்பப் பார்ப்பம்." கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை கையைக் கடிச்சவளே?"

"இல்லை அக்கா."

"அப்ப சரி. காலுக்கு ஐஸ் வையும்."

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

கண்ணாடிக்கு வெளியே நின்று செல்வி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அட்டைய வீட்டுக்கே கொண்டு போறோம் மிஸ். இன்னொன்னும் செஞ்சு தாங்க. ஞாயித்துக்கிழமை நாத்தனா வர்றாங்க."

"யாழினிக்கு எதுக்கு ரெண்டு?"

"அது எனக்கு."