அலுமினியத் தட்டு

புதுக்கோட்டை, 1956

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டர் விட்டுச் சென்ற கிழட்டு நாயை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பெயர் டைகர். ஒரு கண் தெரியாது. ஓயாமல் இருமுகிறது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். மாட்டு டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"வைத்தியச்சி வாராங்க, வழி விடுங்க!" என்று அத்தை கேலி செய்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "இருமுறதை வீட்டுக்குள்ள வச்சுக்கிட முடியாது தாயி. கொல்லையில கெடக்கட்டும்" என்றார்.

"தேறிட்டா உள்ள வரலாமாப்பா?"

"அதெல்லாம் தேறாது."

பிறகு அவரே பரணிலிருந்து ஒரு தட்டை எடுத்து அதற்குக் கஞ்சி ஊற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை உன் இருமலுக்காக உனக்கென்று தனியாக வைத்திருந்த அலுமினியத் தட்டு.

"அம்மா வந்தா வேணுமேப்பா" என்றேன். அவர் டைகர் நக்கி முடிக்கும்வரை குனிந்தே இருந்தார்.

தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, என் புத்தகப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது சிரட்டையில்தான் ஊற்றுகிறேன். டைகர் முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

தீபாவளிக்கு நீ வரலாமா என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருந்தாய். இன்று கேட்டுவிடலாம் என்று எழுந்து போனேன். என்னைப் பார்த்ததும் அவர் லைட்டை அணைத்துவிட்டார்.

உன் மகள்