அப்பா நிறுத்திவைத்த குளிசைகள்

உருத்திரபுரம்,
ஐப்பசி, திங்கட்கிழமை.

அன்புள்ள சுதாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் தம்பியும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கோயிலில்தான் கேட்டுக்கொள்கிறேன், உன்னிடம் கேட்டால் 'சுகம்' என்று ஒரு சொல் போனில் வந்து விழுகிறது, அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தாலும் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன். கடிதத்தை மடித்து வைத்தாலும் அது மேசையில் கிடக்கும், என்றாவது எடுத்துப் படிப்பாய். நீ இருக்கிற பேர்கனில் எந்நாளும் மழை என்று முன்பு சொல்வாய், இங்கேயும் மழை தொடங்கிவிட்டது, வாய்க்கால் கலங்கி ஓடுகிறது. வயலை இந்தக் காலபோக விதைப்புக்கு ராஜரத்தினம் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன், பக்கத்து வயல்காரர் என்பதால் அப்பா போட்ட வரம்புகளை மாற்றமாட்டார். நேற்று உழுதார்கள், உழவு மெசின் சத்தம் கேட்டதும் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிரதாபனுக்கு அடுத்த மாதம் உயர்தரப் பரீட்சை. உன்னுடைய பழைய உயிரியல் புத்தகத்தைத்தான் படிக்கிறான், நீ ஓரங்களில் கீறி வைத்த பூனைப் படங்களைப் பார்த்து அக்கா படிச்சவளோ படம் கீறினவளோ என்று பகிடி பண்ணுகிறான், பிறகு பக்கத்தைத் திருப்பிவிடுகிறான்.

ஆய்வுகூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று ஆவணியில் நீ அனுப்பிய செய்தியை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. அப்பாவைத் தின்ற கிருமியின் வடிவம் வடிவாயிருக்குது எண்டு படம் போட்டு நான் பட்டம் வாங்கோணுமோ அம்மா என்று கேட்டிருந்தாய். அதற்கு அன்றைக்கே பதில் எழுதத் தெரியவில்லை, இன்றைக்கும் முழுதாகத் தெரியவில்லை. அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை அன்று நீ போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போது விமலா மாமி சொன்னது உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். படிச்ச பெட்டை என்னவோ சொன்னவளாம், அதைக் கேட்டுத்தான் என்ர தம்பி குளிசையை விட்டவன் என்று அவா சொன்னா. போன் பிரதாபனின் கையில் இருந்தது, அவன் திருப்புவதற்குள் நீ வைத்துவிட்டாய். மாமியில் கோபப்படாதே. அவாவுக்குத் தாயும் தகப்பனும் போன பிறகு மிஞ்சியிருந்தது அப்பா ஒருவர்தான். இப்போது பின்னேரங்களில் வந்து விறாந்தையில் இருக்கிறா, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் ஆறவிட்டுவிட்டு, பிள்ளை போன் எடுத்தவளோ என்று கேட்கிறா, இல்லை என்றால் எழும்பிப் போகிறா. சொன்ன வாயாலேயே கேட்க அவாவுக்கும் வெட்கம்.

மாமி சொன்னது பொய் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன், எழுதிக் கிழித்தேன். நீ சின்ன வயதிலேயே என் முகத்தைப் பார்த்துப் பொய்யைப் பிடித்துவிடுவாய், எனக்கும் உனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம், ஊரிலே எங்களை அக்காவும் தங்கச்சியும் என்பார்கள், உனக்குப் பொய் சொல்லிப் பழகவே எனக்கு இடம் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தை மாதம் அப்பா ஆசுபத்திரியால் வந்து, விறாந்தைக் கதிரையில் போர்த்திக்கொண்டு இருந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மாரி உழவில் சேற்றுக்குள் நின்றபோது கால் வெடிப்பு வழியாக உள்ளே போன மண் கிருமி என்று டொக்டர் சொல்லி, ஊசிகள் முடிந்து, இனி மாதக்கணக்கில் குளிசை குடிக்கவேண்டும் என்று விட்டிருந்தார்கள். நீ போன் எடுத்தாய், நான் சத்தத்தைக் கூட்டிக் கதிரைக் கையில் வைத்தேன். பிள்ளை அங்கை என்னதான் செய்யிறாய், எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு என்று அவர்தான் கேட்டார். நீ எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். கிருமிக்குள்ளே ஒரு புரதம் இருக்கிறது, படியெடுத்தல் காரணி என்று பெயர், இரண்டு இரண்டாகச் சோடி சேர்ந்து நிற்கும், ஒரு பக்கத்தால் டிஎன்ஏ நூலின் பள்ளத்துக்குள் விரலை வைத்துப் பிடித்திருக்கும், மற்றப் பக்கத்தில் ஒரு வெறும் பை, அது நூலைப் பிடித்திருக்கும்வரை அந்த இடத்தில் எழுதியிருப்பதைக் கிருமியால் படியெடுக்க ஏலாது என்றாய். அப்பா உடனே, அப்ப வாய்க்கால் துருசுக் கதவுக்குக் காவல் நிக்கிற ஆள் எண்டு சொல்லன் என்றார். நீ சிரித்துவிட்டு, இல்லையப்பா, துருசுக்காரனோட நீங்கள் சண்டை பிடிக்கலாம், இதோட ஏலாது, இதுக்குக் கண்ணும் இல்லைக் காதும் இல்லை, பைக்குள்ள பொருந்திற சாமான் வந்தால் மட்டும் உடம்பு கொஞ்சம் திருகும், விரல் ரெண்டும் விலகும், பிடி விட்டிடும் என்றாய். பிடி விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார். அங்கே எழுதியிருப்பது ஒரு பம்பு, கிருமி அதைச் செய்து வந்த நஞ்சை வெளியே இறைத்துவிடும் என்றாய். பைக்குள் வந்து பொருந்துகிற சாமான் என்னவென்று கேட்டார். சில கிருமிகளிலே நாங்கள் குடுக்கிற மருந்தேதான் அப்பா என்று நீ சொன்னாய்.

அந்த ஒரு வசனம்தான் பிள்ளை. அதற்குப் பிறகு நீ இன்னும் ஏதோ சொன்னாய், ஆனபடியால் குறையாமல், விடாமல் குடிக்கவேண்டும் என்று சொன்னாயா, எனக்கு ஞாபகம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொன்னாய் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் நான் அப்போது அடுப்பில் கஞ்சியைப் பார்க்க எழும்பிப் போயிருந்தேன், திரும்பி வரும்போது இரண்டு பேரும் மாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்பா ஏன் அதைப் பிடித்துக்கொண்டார் என்று மட்டும் எனக்குத் தெரியும். நீ படிக்கப் போன வருசம் எங்கள் பக்கம் நெல் முழுக்கத் தத்திப் பூச்சி விழுந்தது உனக்குத் தெரியாது. எல்லோரும் நாசினியை மாறி மாறித் தெளித்தார்கள், தெளிக்கத் தெளிக்கத் தத்தி கூடியது. விவசாயப் போதனாசிரியர் வந்து நின்று, அடிக்கிறதாலதான் அது பழகுது, கொஞ்சம் பொறுங்கோ, சிலந்தியும் மற்றப் பூச்சியும் தத்தியைத் தின்னட்டும் என்று சொன்னார். ஒருவரும் பொறுக்கவில்லை, அப்பா பொறுத்தார். அந்தப் போகத்தில் பாதி வயலாவது வெட்டியவர் அவர்தான். பிறகு கமக்காரர் கூட்டத்தில் எழும்பி நின்று அதைச் சொன்னார், வாழ்க்கையில் ஒரு தரம் கூட்டத்தில் கதைத்தவர். அப்படிப்பட்ட ஆளிடம் கிருமியும் பழகும், மருந்துதான் அதை முழிக்க வைக்கிறது என்று வந்தால் அவர் என்ன நினைப்பார். பங்குனி முடிய, உடம்பு தேறி, சிறுபோகத்துக்கு நாற்று மேடை பார்க்கத் தொடங்கியபோது குளிசையை நிறுத்தினார். ஒளித்துச் செய்யவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். நான் கத்தினேன். டொக்டரை விட நீங்கள் பெரிய ஆளோ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, டொக்டருக்கு வியாதியைத் தெரியும், என்ர பிள்ளைக்குக் கிருமியின்ர உள் வீடு தெரியும், அது இப்ப நித்திரை, ஏன் சும்மா எழுப்புவான், பிறகு முழிச்சுதெண்டால் அப்ப குடிப்பம் என்றார். மிச்சத்தை அப்படியே பிஸ்கற் தகரப் பேணியில் போட்டு அலுமாரியில் பூட்டினார், பூச்சி நாசினிப் போத்தல்களைப் பூட்டி வைப்பதுபோல. வைகாசியில் காய்ச்சல் திரும்பியது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள், அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

ஆசுபத்திரியில் கடைசி நாட்களில் நான் அந்தப் பெண் டொக்டரிடம் நேரே கேட்டேன், குளிசையை விடாமல் குடித்திருந்தால் இது திரும்பாமல் இருந்திருக்குமா என்று. விட்டது பிழைதான் அம்மா, ஆனால் முழுக்கக் குடிச்ச ஆக்களுக்கும் இது திரும்பி வந்திருக்கு, ஐயாவுக்குச் சீனி வியாதியும் இருக்கு, நான் உங்களுக்கு ஓம் எண்டும் சொல்லேலாது இல்லை எண்டும் சொல்லேலாது என்றா. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், உனக்குத் தருவதற்கும் என்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது. உன்னில் பிழை இல்லை என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். உன்னால்தான் என்று நீ சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஏனென்றால் அதில் அப்பாவே இல்லை. உன் கணக்கில் நீ ஒரு வசனம் சொன்னாய், ஒரு மனிதர் செத்தார். நடுவிலே நாற்பத்தெட்டு வயதான ஒரு கமக்காரர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் போட்டு யோசித்து ஒரு முடிவெடுத்தார், அது பிழையான முடிவு, ஆனால் அவருடையது. அவர் உன்னுடைய புரதம்போல் ஏதோ ஒன்று வந்து பொருந்தியதும் திருகிப் பிடி விட்டவர் அல்ல. அந்த முடிவை அவரிடமிருந்து பறித்து நீ வைத்துக்கொள்ளாதே.

பிரதாபன் தூங்கிய பிறகு அவனுடைய புத்தகத்தில் டிஎன்ஏ பற்றிய பக்கங்களை நான் படிக்கிறேன். பாதி விளங்குகிறது. நூலைப் பிடிக்கிற கையும் பையும் தள்ளித் தள்ளி இருக்க, பைக்குள் நடப்பது கைக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் விளங்கவில்லை. அதைத்தானே நீ தேடிக்கொண்டிருந்தாய். திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. வேறு படிப்பு என்றால் அதுவும் சரி, வீட்டுக்கு வரப்போகிறாய் என்றால் உன் அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் தண்டனையாக ஒன்றையும் செய்யாதே. நீ போனில் சொன்ன அன்று பின்னேரம் அப்பா, நடக்கக் கூடாது என்று சொல்லியும் போர்வையோடு ராஜரத்தினம் மாமா வீடுவரை போய், என்ர மகள் கண்ணுக்குத் தெரியாத ஒண்டின்ர விரலை எண்ணுறாள் என்று சொல்லிவிட்டு வந்தவர். மாமா போன கிழமை அதைச் சொல்லி அழுதார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே, அங்கத்தைய குளிருக்குத் தடிமன் பிடிக்கும். மாமிக்கு ஒரு நாள் போன் எடு, ஒன்றும் கதைக்க வேண்டாம், எடுத்தாலே போதும். ஆண்டவன் உன் பக்கத்தில் இருக்கட்டும், அப்பாவும் எங்கேயோ இருந்து பார்த்துக்கொள்வார்.

ஒன்றை மறந்துவிட்டேன். அந்தப் பேணி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. ஆசுபத்திரி மருந்தறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், பிரித்ததைத் திருப்பி எடுக்க ஏலாது என்று விட்டார்கள். குப்பைக்குள் போட மனமில்லை. வாய்க்காலில் கொட்டக்கூடாது, மண்ணில் புதைக்கவும் கூடாது, அங்கே இருக்கிற கிருமிகள் பழகிவிடும் என்று நீதான் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாய். அதை அவர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார், ஒரு குளிசைகூட வெளியே எறியவில்லை. அவற்றை நான் என்ன செய்வது என்று எழுது. உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் பதிலைப் பார்த்திருக்கும் அம்மா,
யோ. சிவரூபி